0.4 சதவீதம்: சார்லஸ் பெடர்சனின் கதை



ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். லேபில் ஒரு பொருளைத் தயாரிக்கிறீங்க. கிடைச்சதோ பழுப்பு நிறத்தில் பிசுபிசுன்னு ஒரு குழம்பு. அதைச் சுத்தம் பண்ணும்போது, நீங்க கேட்காத வேற ஒரு பொருள் வெள்ளை இழைகளா துளியூண்டு தனியா வருது. அளந்து பார்த்தா 0.4 சதவீதம். நூறு கிராம் வர வேண்டிய இடத்தில் அரை கிராம்கூட இல்லை. என்ன பண்ணுவீங்க?

ரெக்கார்டில் அசுத்தம்னு ஒரு வார்த்தை எழுதிட்டு, சிங்க்கில் ஊத்திட்டு, குழாயைத் திறந்து விட்டுடுவோம். அடுத்த ரிவ்யூவுக்கு நேரம் இல்லையே!

அப்படி ஊத்தாத ஒருத்தருக்கு 1987-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போ அவருக்கு வயசு 83. அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இல்லை. அவர்கிட்ட பி.எச்.டி. பட்டமும் கிடையாது. படிச்சது நம்மள மாதிரி இன்ஜினியரிங், அதுவும் கெமிக்கல். பெயர் சார்லஸ் ஜான் பெடர்சன்.

தங்க நானோதுகள்களின் மேல் மூலக்கூறுகளைப் பூசி, அந்தத் துகள்கள் தாமாகவே ஒன்றுசேரும்படி செய்யும் ஆய்வுகளைப் பற்றி எலெக்டிவ் வகுப்பில் கேள்விப்பட்டிருப்பீங்க. யாரும் கையால் அடுக்குவதில்லை. மேலே இருக்கும் மூலக்கூறு தனக்குப் பொருத்தமான இன்னொன்றை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்கிறது. இதுக்கு ஹோஸ்ட்-கெஸ்ட் கெமிஸ்ட்ரின்னு பேர். நம்ம மொழியில் வீட்டுக்காரர்-விருந்தாளி வேதியியல்னு வெச்சுக்கலாம். அந்தத் துறையின் முக்கியமான வேர்களில் ஒன்று இந்த 0.4 சதவீதத்தில்தான் இருக்கு. வாங்க, அந்த மனிதரின் கதையைப் பார்ப்போம்.

சுரங்கத்து ஊரில் ஒரு பையன்

1904 அக்டோபர் 3. கொரியாவின் தென்கிழக்குத் துறைமுகமான பூசானில் பெடர்சன் பிறந்தார். ரஷ்யாவும் ஜப்பானும் போரிட்டுக்கொண்டிருந்த வருஷம் அது. அப்பா பிரெட் பெடர்சன், நார்வேக்காரர். கப்பல் இன்ஜினியராக வேலை பார்த்தபடி கிழக்கு ஆசியாவுக்கு வந்து, கொரியாவில் சுங்கத் துறையில் சேர்ந்தவர். பிறகு உன்சான் தங்கச் சுரங்கத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியர் ஆனார். அம்மா தாகினோ யாசுய், ஜப்பானியர். சோயாவும் பட்டுப்புழுவும் வியாபாரம் செய்யக் கொரியாவுக்கு வந்த குடும்பம் அவருடையது. அந்தச் சுரங்கத்துக்குப் பக்கத்தில்தான் இருவரும் சந்தித்தார்கள்.

பெடர்சன் பிறக்கும் முன்பே அவருடைய அண்ணன் குழந்தைப் பருவ நோயில் இறந்துவிட்டிருந்தான். அஸ்ட்ரிட் என்று ஒரு அக்கா, அவரைவிட ஐந்து வயசு மூத்தவர். வீட்டில் இவருக்கு ஒரு ஜப்பானியப் பெயரும் வைத்தார்கள்: யோஷியோ.

உன்சான் சுரங்கத்தை நடத்தியவர்கள் அமெரிக்கர்கள். அதனால் அங்கே ஆங்கிலம் புழங்கியது. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அப்பாவின் நாடு ஒன்று, அம்மாவின் நாடு ஒன்று, பிறந்த மண் இன்னொன்று, சுற்றிலும் கேட்கும் மொழி வேறொன்று. வீட்டுக்கு ஒரு மொழி, ஸ்கூலுக்கு ஒரு மொழின்னு வளர்ந்த நம்மில் பலருக்கு இந்த நிலைமை ஓரளவுக்குப் புரியும்.

கொரியாவில் அவருக்கு ஏற்ற பள்ளிக்கூடம் இல்லை. எட்டு வயசில் ஜப்பானின் நாகசாகிக்கு அனுப்பிவிட்டார்கள், அங்கே ஒரு கான்வென்ட் பள்ளி. எட்டு வயசுன்னா நம்ம மூணாம் கிளாஸ்! பத்து வயசானதும் அம்மா அவரை யோகோஹாமாவுக்கு அழைத்துப்போய், செயின்ட் ஜோசப் பள்ளியில் சேர்த்தார். மரியனிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவிகள் நடத்திய பள்ளி அது. வேதியியலை முதன்முதலாக ஒரு பாடமாக அவர் படித்தது அங்கேதான்.

வேண்டாம் என்று விட்ட பி.எச்.டி.

மேல்படிப்புக்கு எங்கே போவது? அதே மரியனிஸ்ட் துறவிகள் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் பல்கலைக்கழகத்தை நடத்தி வந்தார்கள். 1922-ல் பெடர்சன் அமெரிக்கா போனார். 1926-ல் கெமிக்கல் இன்ஜினியரிங் பட்டம் வாங்கினார். அடுத்து எம்.ஐ.டி. நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லைங்க, மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி. அங்கே ஒரே வருஷத்தில், 1927-ல், கரிம வேதியியலில் முதுகலை முடித்தார்.

அங்கேயே இருந்து பி.எச்.டி. பண்ணச் சொல்லிப் பேராசிரியர்கள் வற்புறுத்தினார்கள். அவர் மறுத்துவிட்டார். காரணம் ரொம்ப எளிமையானது: செலவுக்கு அப்பாதான் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். இதுக்கு மேலும் அப்பாவைச் செலவு செய்ய வைக்க அவருக்கு மனசில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்க. பிளேஸ்மென்ட்டா, ஹையர் ஸ்டடீஸான்னு இந்த வருஷம் முழுக்க நம்ம ஹாஸ்டலில் ஓடுற விவாதம்தான் இது. வீட்டில் கடன் இருக்கு, தங்கச்சி படிக்கணும், அப்பாவுக்கு ரிட்டையர்மென்ட் நெருங்குதுன்னு யோசிச்சு வேலையை எடுத்துக்கிறவங்க நம்ம வகுப்பிலேயே இருக்காங்க. அவங்க படிப்பு மேல் ஆசை இல்லாதவங்கன்னு யாராவது சொன்னால், பெடர்சனை ஞாபகப்படுத்துங்க.

பேராசிரியர் ஜேம்ஸ் நாரிஸின் உதவியோடு 1927-ல் டூபான்ட் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. நியூஜெர்சியில் டீப்வாட்டர் என்ற இடத்தில் இருந்த ஜாக்சன் ஆய்வகம். ஒரே நிறுவனத்தில் 42 வருஷம். மூணு வருஷத்துக்கு ஒரு கம்பெனி மாறுற நம்ம காலத்தில் இதை நம்புறது கஷ்டம்தான்.

செம்பைக் கட்டிப்போட்டவர்

அவருடைய ஆரம்ப கால வெற்றிகளில் ஒன்று, டெட்ரா எத்தில் லெட் என்ற பொருளைத் தயாரிக்கும் முறையை மேம்படுத்தியது. இன்ஜினில் நாக்கிங் வராமல் இருக்கப் பெட்ரோலில் கலந்த ஈயச் சேர்மம் அது. பின்னாளில் அதன் ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கிறது என்று தெரிந்து ஒவ்வொரு நாடாகக் கைவிட்டது. இந்தியாவில் 2000-ல் நிறுத்தினார்கள். உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது. பெடர்சனின் கதையைச் சொல்லும்போது இதை மறைச்சுட்டுப் போகக் கூடாது. இன்ஜினியர் ஒரு செயல்முறையைச் சிறப்பாக்கித் தருவார். அந்தப் பொருளே தப்புன்னு பிறகு தெரிய வரலாம். இரண்டும் ஒரே ஆளுடைய கணக்கில்தான் வரும்.

அடுத்த வேலைதான் நம்ம கதைக்கு முக்கியம். பெட்ரோலைச் சுத்திகரிக்கும்போது அதில் மிகச் சிறிய அளவு செம்பு கலந்துவிடும். இந்தச் செம்பு, காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு பெட்ரோல் வினைபுரிவதை வேகப்படுத்தும் கேட்டலிஸ்ட். விளைவு, பெட்ரோலில் பிசின் மாதிரி ஒரு பொருள் உருவாகி இன்ஜினை அடைக்கும். செம்பைப் பிரித்தெடுக்க முடியாது, அவ்வளவு கொஞ்சம். பெடர்சன் வேற வழி பிடித்தார். செம்பு அயனியை நாலு பக்கமும் இறுகப் பிடித்து, வேறு எதையும் தொட விடாமல் செய்யும் ஒரு கரிம மூலக்கூறைக் கண்டுபிடித்தார். செம்பு அங்கேயேதான் இருக்கும், ஆனால் கை கட்டப்பட்டு இருக்கும். இப்படிப்பட்ட பொருள்களுக்கு மெட்டல் டீஆக்டிவேட்டர் என்று பெயர். பெட்ரோலியத் தொழிலில் இது பெரிய வெற்றி.

கவனிச்சீங்களா? ஒரு மூலக்கூறு ஓர் உலோக அயனியை எப்படிப் பிடிக்கும், பிடிச்சால் என்ன மாறும் என்பதுதான் அவருடைய அன்றாட வேலையே. 1940-களின் நடுவிலேயே, நிர்வாகப் பொறுப்பு இல்லாத ஆராய்ச்சியாளர் ஒருவர் அந்த நிறுவனத்தில் எட்டக்கூடிய உச்சப் பதவிக்கு அவர் வந்துவிட்டார். எந்தப் பிரச்சினையை ஆராய வேண்டும் என்று தானே முடிவு செய்யும் சுதந்திரம் அவருக்கு இருந்தது. 1947-ல் சூசன் ஆல்ட் என்பவரை மணந்து, நியூஜெர்சியின் சேலம் ஊரில் குடியேறினார். ஆமாம், அங்கேயும் ஒரு சேலம் இருக்கு! 1953-ல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். மொத்தக் காலத்தில் 65 காப்புரிமைகள் அவர் பெயரில் வந்தன.

இதோடு நின்றிருந்தாலும் நல்ல வேலைக்காரர் என்ற பெயரோடு ஓய்வு பெற்றிருப்பார். உலகத்துக்குத்தான் அவர் பெயர் தெரிந்திருக்காது.

பத்து சதவீதக் கலப்படம்

1960-ஐ ஒட்டிய வருஷங்கள். பெடர்சனுக்கு வயசு 55-ஐத் தாண்டிவிட்டது. டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டனில் இருந்த டூபான்ட் ஆய்வு நிலையத்துக்கு மாறி, ரப்பர் போன்ற எலாஸ்டோமர்கள் சம்பந்தப்பட்ட துறையில் இருந்தார். வனேடியம் என்ற உலோகத்தின் கேட்டலிஸ்ட் குணத்தைப் பல கைகள் கொண்ட கரிம மூலக்கூறுகள் எப்படி மாற்றும் என்று பார்க்க ஆசைப்பட்டார். அதுக்காக ஒரு புது மூலக்கூறைத் தயாரிக்கத் திட்டமிட்டார்.

திட்டத்தைக் கொஞ்சம் எளிமையா சொல்றேன். கேட்டகால் என்று ஒரு பொருள். அதுக்கு இரண்டு கைகள், அதாவது இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள். அவருக்கு வேண்டியது ஒரு கை மட்டும் வினைபுரிய வேண்டும், இன்னொரு கை சும்மா இருக்க வேண்டும். அதனால் ஒரு கைக்கு உறை மாட்டிவிட்டார். பிறகு இரு முனையிலும் குளோரின் கொண்ட ஒரு ஈதரைப் பாலமாக வைத்து, இரண்டு கேட்டகால்களை இணைக்க வேண்டும். கடைசியில் உறைகளைக் கழற்றிவிட்டால் இரு முனையிலும் சும்மா இருந்த கைகள் வெளியே வரும். அந்தக் கைகள்தான் வனேடியத்தைப் பிடிக்கும்.

ஆனால் உறை மாட்டும் படியில் எல்லாக் கேட்டகாலும் மாட்டிக்கொள்ளவில்லை. சுமார் 10 சதவீதம் இரண்டு கையும் திறந்தபடி அப்படியே மிச்சம் இருந்தது. அது அவருக்குத் தெரியும். தெரிந்தே, பரவாயில்லை என்று அந்தக் கலவையையே அடுத்த படிக்கு எடுத்துக்கொண்டார்.

வந்ததுதான் நான் ஆரம்பத்தில் சொன்ன பிசுபிசுப்பான குழம்பு. அதைச் சுத்தம் செய்யும்போது ஓரமாக வந்தன பட்டு இழை மாதிரி வெள்ளைப் படிகங்கள். 0.4 சதவீதம்.

அவர் கேட்ட பொருள் இது இல்லை என்பது உடனே தெரிந்தது. எறிந்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் படிகங்கள் அழகாக இருந்தன, மெத்தனாலில் அவ்வளவாகக் கரையவும் மறுத்தன. பெடர்சன் ஒரு சோதனை செய்தார். இந்தக் கதையிலேயே எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான்.

ஃபீனால் வகைப் பொருள்களை அடையாளம் காண ஒரு வழக்கமான முறை உண்டு. மெத்தனாலில் கரைத்து, புற ஊதா ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்ப்பார்கள். பிறகு கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்ப்பார்கள். ஃபீனாலாக இருந்தால் காரம் அதிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்துவிடும். வரைபடத்தில் உச்சி இடம் மாறும். இவருடைய படிகங்களுக்குக் காரம் சேர்த்தபோது இரண்டு விஷயம் நடந்தது. ஒன்று, கரையாமல் இருந்த படிகம் கரைந்துவிட்டது. இரண்டு, வரைபடம் ஃபீனால் மாறும் விதத்தில் மாறவே இல்லை.

இப்போ நீங்களே யோசிங்க. காரத்தோடு வினைபுரியவில்லை. ஆனால் காரம் சேர்த்தால் கரைகிறது. அப்போ கரைத்தது எது?

சோடியம் ஹைட்ராக்சைடில் இரண்டு பேர் இருக்காங்க. நம்ம கண்ணு எப்பவும் ஹைட்ராக்சைடு மேலதான் போகும், ஏன்னா வேலை செய்யிறது அதுதான்னு நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. சோடியம் வெறும் பார்வையாளர். பெடர்சன் அந்தப் பார்வையாளர் பக்கம் திரும்பினார். காரமே இல்லாத, நடுநிலையான சோடியம் உப்புகளைச் சேர்த்துப் பார்த்தார். படிகம் கரைந்தது! கரைத்தது சோடியம்தான்.

இதன் கனம் புரியணும்னா அன்றைய பாடப் புத்தகத்தை நினைச்சுக்கணும். செம்பு, கோபால்ட் போன்ற அயனிகளைக் கரிம மூலக்கூறுகள் பிடிக்கும். சோடியம், பொட்டாசியம் அயனிகளை மின்சுமை இல்லாத ஒரு கரிம மூலக்கூறு பிடிக்கும் என்பதை அப்போது யாரும் எதிர்பார்க்கவில்லை. முப்பது வருஷமாக உலோகத்தைப் பிடிக்கும் மூலக்கூறுகளோடு வாழ்ந்த ஒரு மனிதருக்கு, எது வழக்கத்துக்கு மாறானது என்று அந்தக் கணத்தில் தெரிந்தது. இதை வெறும் அதிர்ஷ்டம்னு சொல்றது அநியாயம். கலப்படம் எதேச்சையாக வந்தது, சரி. சோடியம் உப்பை எடுத்துச் சேர்த்த கை எதேச்சையாகச் சேர்க்கவில்லை.

கிரீடம்

அடுத்த கேள்வி, இது என்ன பொருள்? கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஒரு கேட்டகாலும் ஒரு பாலமும் சேர்ந்த சிறிய வளையமாக இருக்க வேண்டும், அதன் மூலக்கூறு எடை 180. அளந்து பார்த்தால் சரியாக இரண்டு மடங்கு, 360. அப்போதுதான் படம் தெளிவானது. உறை மாட்டாமல் தப்பித்த கேட்டகால்கள் இரண்டு, பாலங்கள் இரண்டு, எல்லாம் கைகோத்து 18 அணுக்கள் கொண்ட பெரிய வளையமாகிவிட்டன. அதில் 6 ஆக்சிஜன்கள், எல்லாம் நடுவில் உள்ள ஓட்டையைப் பார்த்தபடி. சோடியம் அயனி அந்த ஓட்டையில் போய் உட்கார்ந்துவிட்டது.

மாதிரி செய்து பார்த்தால் வளையம் மேலும் கீழுமாக நெளிந்து, அயனியின் தலையில் வைத்த கிரீடம் மாதிரி இருந்தது. கிரீடத்தை வைக்கலாம், எடுக்கலாம், அயனிக்கும் சேதமில்லை, வளையத்துக்கும் சேதமில்லை. அதனால் கிரவுன் ஈதர் என்று பெயர் வைத்தார். முறையான வேதியியல் பெயர்கள் வாயில் நுழையாத அளவு நீளம் என்பதால், வளையத்தில் மொத்த அணுக்கள், ஆக்சிஜன்கள் என்று இரண்டு எண்களைச் சேர்த்துச் சுருக்கமாக 18-கிரவுன்-6 என்று கூப்பிட ஆரம்பித்தார். உலகம் இன்றும் அப்படித்தான் கூப்பிடுகிறது.

ஓட்டையின் அளவுதான் எல்லாம். 12-கிரவுன்-4 சின்ன ஓட்டை, லித்தியத்துக்குப் பொருந்தும். 15-கிரவுன்-5 சோடியத்துக்கு. 18-கிரவுன்-6 பொட்டாசியத்துக்குக் கச்சிதம். பூட்டும் சாவியும் போல என்று என்சைம்களைப் பற்றி எமில் ஃபிஷர் 1894-லேயே சொல்லியிருந்தார். இங்கே மனிதர் செய்த ஓர் எளிய வளையம் அதே வேலையைச் செய்தது.

பார்க்கவும் அழகான ஒரு சோதனை உண்டு. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைப் பென்சீனில் போட்டால் கரையாது. கிரவுன் ஈதரைச் சேர்த்தால் பென்சீன் ஊதா நிறமாகும். வளையம் பொட்டாசியத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறது, வேறு வழியில்லாமல் பெர்மாங்கனேட்டும் பின்னாலேயே போகிறது.

இன்னொரு ஆச்சரியம். கலப்படத்தால் 0.4 சதவீதம் வந்த பொருளை, இப்போது அதுதான் வேணும்னு திட்டமிட்டுச் செய்தபோது 45 சதவீதம் அளவுக்கு வந்தது. இவ்வளவு பெரிய வளையங்கள் சாதாரணமாக இவ்வளவு கிடைக்காது. நீளமான சங்கிலியின் இரு முனையும் ஒன்றையொன்று கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபம் இல்லை. இங்கே எப்படிக் கண்டுபிடித்தன? கரைசலில் இருக்கும் சோடியம் அயனியைச் சுற்றிச் சங்கிலி வளைந்துகொள்கிறது, முனைகள் பக்கத்தில் வந்துவிடுகின்றன. அதாவது விருந்தாளி முதலில் வந்து நிற்க, அவரைச் சுற்றி வீடு கட்டப்படுகிறது. இதைத்தான் டெம்ப்ளேட் விளைவு என்கிறோம். தாமாக ஒன்றுசேர்தல் என்று நாம் படிக்கும் விஷயத்தின் சின்ன வடிவம் இது.

தனி ஆளின் பெயரில் ஒரு கட்டுரை

பெடர்சன் அவசரப்படவில்லை. ஒவ்வொரு அளவிலும் வளையம் செய்து, ஒவ்வோர் அயனியோடும் சோதித்துக்கொண்டே போனார். சுமார் 50 வளையங்கள். 1967-ல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் ஆய்விதழில் 20 பக்கக் கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் பெயர் ஒன்றே ஒன்று. பேராசிரியர் குழு இல்லை, மாணவர் படை இல்லை.

அதைப் படித்தவர்களில் ஒருவர் பிரான்ஸின் ஜான்-மாரி லேன். நரம்புகளில் சோடியமும் பொட்டாசியமும் எப்படிச் செல்லின் சுவரைக் கடக்கின்றன என்று யோசித்துக்கொண்டிருந்தவர். தட்டையான வளையத்தை முப்பரிமாணக் கூண்டாக்கினால் பிடி இன்னும் இறுகும் என்று கண்டு, கிரிப்டண்ட் என்ற மூலக்கூறுகளைச் செய்தார். இன்னொருவர் அமெரிக்காவின் டொனால்ட் கிராம். விருந்தாளி வருவதற்கு முன்பே தயாராக விறைத்து நிற்கும் மூலக்கூறுகளைச் செய்தார். ஹோஸ்ட்-கெஸ்ட் என்ற பெயரைத் துறைக்குக் கொடுத்தவர் அவர்தான்.

பெடர்சன் 1969-ல் ஓய்வு பெற்றார். மீன்பிடித்தல், தோட்டம், பறவை பார்த்தல், கவிதை எழுதுதல் என்று சேலத்தில் அமைதியான வாழ்க்கை. அவர் திறந்த வாசல் வழியாக மற்றவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

வளையத்திலிருந்து நானோதுகளுக்கு

இப்போ நம்ம நானோதுகளுக்கு வருவோம். சில நானோமீட்டர் முதல் சில பத்து நானோமீட்டர் வரை அளவுள்ள தங்கத் துகள்கள் தண்ணீரில் தனித்தனியாக மிதந்தால் கரைசல் சிவப்பாக இருக்கும். துகள்கள் நெருங்கி வந்தால் ஊதா, நீலம் என்று நிறம் மாறும். ஒவ்வொரு துகளின் எலக்ட்ரான் அலையும் பக்கத்துத் துகளோடு சேர்ந்து ஆடுவதால் வரும் மாற்றம் இது. ஆக, துகள்களை நெருங்க வைக்க ஒரு காரணம் கிடைத்தால், வெறும் கண்ணால் பார்க்கக்கூடிய சென்சார் ரெடி.

2002-ல் தைவான் ஆய்வாளர்கள் செய்தது இதுதான். கந்தக முனை கொண்ட 15-கிரவுன்-5 வளையங்களைத் தங்கத் துகள்களின் மேல் பூசினார்கள். கந்தகம் தங்கத்தை இறுகப் பிடிக்கும், வளையங்கள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நான் முன்னாடி சொன்னது ஞாபகம் இருக்கா? 15-கிரவுன்-5 சோடியத்தின் அளவு. பொட்டாசியத்துக்கு அந்த ஓட்டை சிறிசு. அப்போ பொட்டாசியம் வந்தால் என்ன ஆகும்?

உள்ளே நுழைய முடியாத பொட்டாசியம் வளையத்தின் மேலே உட்காரும். அதன் இன்னொரு பக்கம் வெறுமையாக இருக்கும். அந்தப் பக்கத்தை இன்னொரு வளையம் வந்து பிடிக்கும், சாண்ட்விச் மாதிரி. அந்த இரண்டாவது வளையம் பக்கத்துத் துகளுடையதாக இருந்தால்? இரண்டு துகள்கள் ஒட்டிக்கொண்டன. இப்படிப் பல பொட்டாசியம் அயனிகள் பல துகள்களை இணைக்க, கரைசலின் நிறம் மாறுகிறது. சோடியம் ஒரே வளையத்தில் நிம்மதியாக உட்கார்ந்துவிடுவதால் அது துகள்களை இணைப்பதில்லை. ஒரு வீட்டில் இடம் போதாத விருந்தாளி, இரண்டு வீட்டையும் உறவாக்கிவிடுகிறார்!

அந்த சாண்ட்விச் பிடியைப் பெடர்சன் தன் வளையங்களிலேயே பார்த்து எழுதியிருக்கிறார். நானோதுகள் என்ற சொல் புழக்கத்துக்கு வராத காலத்தில்.

கிரவுன் ஈதர் மட்டும் இல்லை. சர்க்கரை மூலக்கூறுகளால் ஆன சைக்ளோடெக்ஸ்ட்ரின் வளையங்களைத் தங்கத் துகளில் பூசி, 60 கார்பன் அணுக்கள் கொண்ட ஃபுல்லரின் பந்தை விருந்தாளியாகக் கொடுத்து ஒன்றுசேர வைத்திருக்கிறார்கள். அணுக்கழிவுப் பக்கமும் இந்த வேதியியல் போயிருக்கு. அமெரிக்காவின் சவன்னா ரிவர் மையத்தில், சோடியம் மலைபோல் கலந்திருக்கும் கழிவிலிருந்து கதிரியக்க சீசியத்தை மட்டும் பொறுக்கி எடுக்கக் கிரவுன் பகுதி கொண்ட மூலக்கூறுகளைப் பயன்படுத்துகிறார்கள். எல்லாம் இனிப்பு இல்லை, கிரவுன் ஈதர்களுக்கு நச்சுத்தன்மை உண்டு. பொட்டாசியத்தைப் பிடிக்கும் பொருள் உடம்புக்குள் போனால் சும்மா இருக்குமா? லேபில் கையாளும்போது கையுறை கட்டாயம்.

கடைசி இரண்டு வருஷங்கள்

1983 பெடர்சனுக்குக் கடினமான வருஷம். மனைவி சூசன் இறந்தார். அதே வருஷம் அவருக்கு மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. நாலு வருஷம் கழித்து, 1987-ல், பெடர்சன், லேன், கிராம் மூவருக்கும் சேர்த்து வேதியியல் நோபல் அறிவிக்கப்பட்டது. உடம்பு தளர்ந்த நிலையிலும் அவர் ஸ்டாக்ஹோம் போனார். டிசம்பர் 8 அன்று நிகழ்ந்த நோபல் உரையில் அந்தக் கலப்படத்தையும் 0.4 சதவீதத்தையும் எதையும் மறைக்காமல் சொன்னார். கொரியாவில் பிறந்தவர்களில் முதல் நோபல் பரிசாளர் அவர். 1989 அக்டோபர் 26 அன்று சேலத்தில் காலமானார். வயசு 85.

இனி நம்ம பக்கம்

பி.எச்.டி. தேவையில்லை என்பதற்கு உதாரணமாகப் பெடர்சனை இன்ஸ்டாவில் போடுவாங்க. நான் அப்படிச் சொல்ல வரலை. அவருக்கு அந்தப் பட்டத்துக்குப் பதிலாக வேற மூணு விஷயம் கிடைத்தது: முப்பது வருஷ அனுபவம், நல்ல கருவிகள் இருந்த ஆய்வகம், கேட்காத கேள்வியையும் துரத்திப் போக விட்ட ஒரு நிறுவனம். இதில் மூணாவது நம்ம ஊரில் ரொம்ப அரிது. பிராஜெக்ட் ரிவ்யூவில் எதிர்பார்த்த ரிசல்ட் வந்ததான்னுதான் கேட்பாங்க. எதிர்பார்க்காதது ஏதாவது வந்ததான்னு யாரும் கேட்கிறதில்லை. அதனால கிராஃபில் ஒரு புள்ளி தனியா நின்னா, அந்தப் புள்ளியை அழிச்சுட்டுக் கோட்டை நேராக்கும் பழக்கம் நமக்கெல்லாம் சீக்கிரமே வந்துடுது.

பெடர்சன் கிட்ட இருந்து எடுத்துக்க வேண்டிய பழக்கம் பெரிசா ஒண்ணும் இல்லை. ஏதாவது தப்பா நடந்தால், அதில் சம்பந்தப்பட்ட எல்லாப் பெயரையும் ஒரு தாளில் எழுதுங்க, வெறும் பார்வையாளர்னு நினைக்கிற பெயரையும் சேர்த்து. பிறகு ஒவ்வொருத்தரா மாத்திப் பாருங்க. ஹைட்ராக்சைடை எடுத்துட்டு சோடியத்தை மட்டும் வெச்சுப் பார்க்க அவருக்கு ஒரு மத்தியானம்கூட ஆகியிருக்காது.

நம்ம டிபார்ட்மென்ட்டில் இந்த செமஸ்டர் பிராஜெக்ட் பண்றவங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க ரிப்போர்ட்டில் எதிர்பாராத முடிவுகள்னு ஒரு பக்கம் சேர்த்துடுங்க. மார்க் வருமா வராதான்னு எனக்குத் தெரியாது. அடுத்த வருஷம் அதே பிராஜெக்டை எடுக்கிற ஜூனியர் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பாங்க.